தோற்ற தளபதியின் 25 வருடங்கள்

நான் வேலை செய்கிற ரெஸ்ரோரண்டில் பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை ஓய்வு. அந்த நேரத்தில் தேம்ஸ் கரையோரமாக நடந்து, லண்டன் ரவர் தெரிகிற வாங்கு ஒன்றில் போய் இருப்பேன். உல்லாசப் பயணிகள் அங்கே அரச முடிகளைப் பார்க்கவும், தலை வெட்டப்பட்ட அரசிகளின் கதை கேட்கவும் வருகிறார்கள். எனக்கு அந்தக் கோட்டை இன்னொருவரை நினைவூட்டுகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, 2008இல் இரண்டாம் வருடத்தோடு விட்டவன் நான். லண்டன் வந்து கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறேன். பழைய கட்டடம் ஒன்றைக் கண்டால் அங்கே யார் இருந்தார்கள் என்று தேடிப் பார்க்கும் பழக்கம் மட்டும் படிப்பின் மிச்சமாக நின்றுவிட்டது. அப்படித் தேடியபோது அகப்பட்டவர்தான் ஓர்லியன்ஸ் கோமகன் சார்ள்ஸ்.

பிரித்தானிய நூலகத்தில் அவருடைய கவிதைகளின் ஏடு ஒன்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தயாரானது. அதிலுள்ள ஓவியத்தில் ரவரும் ஆறும் பின்னால் லண்டன் பாலமும் தெரிகின்றன. ஒரே படத்துக்குள் கோமகன் பல இடங்களில் நிற்கிறார். ஓரிடத்தில் மேசையில் இருந்து எழுதுகிறார், இன்னோரிடத்தில் யன்னலால் வெளியே பார்க்கிறார். கைதியின் நாட்களை அந்த ஓவியன் நன்றாகவே விளங்கிக்கொண்டிருக்கிறான்.

சார்ள்ஸ் 1394இல் பாரிசில் பிறந்தவர், பிரெஞ்சு மன்னரின் தம்பி மகன். 1407 நவம்பரில் அவரது தகப்பனை பேர்கண்டி கோமகன் பாரிஸ் வீதியில் ஆள் வைத்துக் கொன்றார். சார்ள்ஸ் கோமகனானபோது அவருக்கு 13 வயது. அடுத்த வருடம் தாயும் இறந்தார். பழி வாங்கப் புறப்பட்டவர்கள் உள்நாட்டுப் போரில் இறங்கினார்கள். இரண்டு தரப்பும் மாறிமாறி இங்கிலாந்தின் உதவியை நாடின. 1412இல் அந்த உதவிக்கான விலைக்குப் பிணையாக, சார்ள்ஸ் சிறுவனான தன் தம்பி ஜோனை ஆங்கிலேயரிடம் கையளிக்க வேண்டியிருந்தது. அந்தத் தம்பி திரும்பியது 1445இல். சொந்தச் சண்டைக்கு வெளியாரைக் கூப்பிட்டவர்களின் கதை நமக்குப் புதிதல்ல.

1415 அக்டோபர் 25, அஜின்கோட் போர்க்களம். பிரெஞ்சுப் படையில் தகுதியால் முன்னணியில் நின்ற தலைவர்களில் சார்ள்சும் ஒருவர். வயது இன்னும் 21 ஆகவில்லை. மழையில் நனைந்த உழுத வயலில், கவசம் அணிந்த பிரபுக்கள் சேற்றில் புதைந்தார்கள். எண்ணிக்கையில் குறைந்த ஆங்கிலப் படையின் வில்லாளர்கள் அவர்களை வீழ்த்தினார்கள். சார்ள்ஸைப் பிணக்குவியலுக்குக் கீழிருந்து உயிரோடு இழுத்தெடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அவருடைய பெரும்போர் அந்த ஒரு நாளோடு முடிந்தது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. போர் முடியும் தறுவாயில், பிரெஞ்சுப் படை திரும்பத் தாக்கும் என்று அஞ்சிய ஐந்தாம் ஹென்றி, பிடிபட்டிருந்த கைதிகளைக் கொல்லும்படி கட்டளையிட்டார். மிக உயர்ந்த பிரபுக்கள் சிலர் மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மீட்புப் பணம் வரும். கோமகன் உயிர் தப்பியது அவருக்கு ஒரு விலை இருந்தபடியால். இதை வாசித்த அன்று என்னால் மேலே வாசிக்க முடியவில்லை.

பிறகு 25 வருடங்கள். ரவர், விண்ட்சர், பொன்டிஃபிராக்ட், ஃபொதரிங்கே, விங்ஃபீல்ட் என்று கோட்டைக்குக் கோட்டை மாற்றப்பட்டார். பாதாளச் சிறையல்ல, வேலைக்காரர் இருந்தனர், புத்தகங்கள் இருந்தன. ஆனால் போக முடியாது. பிரெஞ்சு அரசுரிமையில் அவருக்கிருந்த இடம் காரணமாக, மற்றவர்களைப்போல் பணம் கட்டி வெளியேற அவரை விடவில்லை. 1422இல் இறக்கும்போதுகூட, தன் கைக்குழந்தையான மகன் வளர்ந்து ஆளாகும்வரை இவரை விட வேண்டாம் என்று ஹென்றி சொல்லிவைத்துப் போனார்.

அவரில்லாமலே உலகம் நடந்தது. 1428இல் அவருடைய நகரமான ஓர்லியன்ஸை ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். 1429 மே மாதம் ஜோன் ஒவ் ஆர்க் வந்து அதை மீட்டாள். கோமகனையும் மீட்பது தன் கடமைகளில் ஒன்று என்று சொன்ன அவளை 1431இல் எரித்தார்கள். கோமகன் பிரிந்தபோது ஆறு வயதாயிருந்த மகள் ஜான் வளர்ந்து, மணமுடித்து, 1432இல் இறந்துபோனாள். காத்திருந்த மனைவி பொன்னும் விடுதலைக்கு முன்பே இறந்துவிட்டாள்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் எழுதினார். பிரெஞ்சில் நூற்றுக்கணக்கான கவிதைகள். பிடித்து வைத்திருந்தவர்களின் மொழியையும் கற்று அதிலும் எழுதினார். 6000 அடிகளுக்கு மேற்பட்ட ஆங்கிலத் தொகுதி ஒன்றை அவருடையதென்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ஒருமுறை டோவர் கடற்கரையில் நின்று எதிரே தெரிந்த பிரான்ஸைப் பார்த்து எழுதிய கவிதையில், அவர் கேட்பது பழியல்ல, சமாதானம்.

1440இல் விடுதலை வந்தது. அதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் பேர்கண்டியின் பிலிப், அதாவது தகப்பனைக் கொல்வித்தவரின் மகன். சார்ள்ஸ் அந்தக் கையைப் பற்றினார். பிலிப்பின் உறவுப் பெண்ணான மரியை மணந்தார். நமது ஆட்கள் சிலருக்கு இது துரோகமாகப்படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 33 வருடம் அந்தப் பகையின் பலனை அனுபவித்தவருக்கு அதை முடித்துவைக்கும் உரிமை இருந்தது.

திரும்பியவர் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சமாதானம் செய்துவைக்க முயன்றார். தாய்வழியில் மிலானுக்கு உரிமை கோரினார். கைக்கு வந்தது அஸ்தி நகரம் மட்டுமே. கடைசியில் புளுவா கோட்டையில் கவிஞர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு இருந்தார். எந்நேரமும் பொலிசுக்கு ஒளித்துத் திரிந்த பிரான்சுவா வியோன்கூட அங்கே வந்து எழுதினான். 1465இல் சார்ள்ஸ் இறந்தபோது மகனுக்கு இரண்டரை வயது. அந்தப் பிள்ளை 1498இல் பிரான்சின் மன்னனாகி, பன்னிரண்டாம் லூயி எனப் பெயர் பெற்றான்.

சார்ள்ஸை என்னோடு ஒப்பிட நான் வரவில்லை. என் வழக்கு முடிய எடுத்த ஒன்பது வருடங்களில் எனக்கு வேலைக்காரரும் இல்லை, கவிதையும் வரவில்லை. நான் நினைப்பது என் பெரியம்மாவின் மகனை. 2009 மே மாதத்தில், பெரியம்மாவின் கண்முன்னால் கையை உயர்த்திக்கொண்டு போன அண்ணா அவர். பெரியம்மா இன்றைக்கும் அவருடைய சேட்டுகளைத் தோய்த்து மடித்து வைக்கிறார். தொலைபேசியில் என்னைக் கேட்பார்: "தம்பி, நீ வரலாறு படிச்சனி. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஆரும் திரும்பி வந்திருக்கினமோ?"

ஓம், 25 வருடத்துக்குப் பிறகு ஒருவர் வந்தார் என்று நான் சொல்லலாம். அது பொய்யாகாது. ஆனால் அஜின்கோட்டில் யாரை ஒதுக்கி வைத்தார்கள், யாரை வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அண்ணாவுக்கு விலை பேச ஒருவரும் வரவில்லை.

இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாங்கிலிருந்து எழும்பி வேலைக்குத் திரும்பிவிடுகிறேன்.