ஜெனரேட்டர் வேகம் குறைந்தால் போர்வெல் தண்ணீர் குறைவது ஏன்?

கரண்ட் இல்லாத நேரத்தில் தக்காளிக்கோ மாங்கன்றுக்கோ தண்ணீர் விட, டீசல் ஜெனரேட்டரில் போர்வெல் மோட்டாரை ஓட்டுகிறீர்களா? டீசலை மிச்சப்படுத்த இன்ஜின் வேகத்தைக் குறைத்து வைத்தால், டீசலைவிடப் பெரிய செலவு மோட்டாரில் வந்து சேரும். காரணம், மின்சாரம் உற்பத்தியாகும் முறையிலேயே இருக்கிறது.

மின்சாரம் எப்படி வருகிறது?

பழைய சைக்கிள் டைனமோவில் ஒரு காந்தம் சுற்றும். அதைச் சூழ்ந்து செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். காந்தத்தின் வடதுருவம் சுருளைக் கடக்கும்போது மின்சாரம் ஒரு திசையிலும், தென்துருவம் கடக்கும்போது எதிர்த்திசையிலும் பாயும். இப்படித் திசை மாறி மாறிப் பாய்வதே ஏ.சி. மின்சாரம். உங்கள் ஜெனரேட்டரிலும் இதுதான் நடக்கிறது. அதில் மூன்று தொகுதிச் சுருள்கள் இருப்பதால் மும்முனை மின்சாரம் கிடைக்கிறது.

நான்கு துருவ ஜெனரேட்டர் ஒரு முறை சுற்றினால் 2 அலைகள் உண்டாகும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25 சுற்று, அதாவது 50 அலைகள். இதுவே 50 ஹெர்ட்ஸ். நம் எல்லைக்கு அப்பால் உள்ள கோலார் தங்கவயலுக்கு 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம் 25 ஹெர்ட்ஸ்தான். அங்கிருந்த இயந்திரங்கள் அதற்கேற்பச் செய்யப்பட்டவை. இன்றைய நம் மோட்டார்கள் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை.

வேகம் குறைந்தால் என்ன ஆகும்?

1500 சுற்று 1350 ஆகக் குறைந்தால் மின்சாரம் 45 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். மோட்டார் வேகமும் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். ஆனால் தண்ணீரை மேலே தள்ளும் திறன் சுமார் 19 சதவீதம் குறையும். அதிகபட்சம் 100 மீட்டர் தள்ளும் பம்பு 81 மீட்டரோடு நின்றுவிடும். ஆழமான போர்வெல்லில் மோட்டார் ஓடும், தண்ணீர் மேலே வராது. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைக் கடந்து செல்லும் தண்ணீர்தான். அந்த ஓட்டம் நின்றால் காயில் கருகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

* மோட்டார் ஓடும்போதே மீட்டரைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸும், மூன்று பேஸ்களுக்கு இடையிலும் சுமார் 415 வோல்ட்டும் இருக்க வேண்டும்.
* நேரடியாக ஸ்டார்ட் செய்தால் மோட்டார் வழக்கத்தைவிட 5 முதல் 7 மடங்கு ஆம்பியர் இழுக்கும். மோட்டாரின் எச்.பி.க்குச் சரிசமமான ஜெனரேட்டர் போதாது, பெரியதாக எடுங்கள்.
* இன்ஜின் சீரான பிறகு மோட்டாரைப் போடுங்கள். நிறுத்தும்போது முதலில் மோட்டார், பிறகு இன்ஜின்.
* வயர் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், தண்ணீர் குறையும். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, மூன்று பேஸ் வயர்களில் ஏதேனும் இரண்டை எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள்.
* மூடிய மோட்டார் அறைக்குள் ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். புகை உயிரைப் பறிக்கும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம்

ஜெனரேட்டரை மின்வாரிய லைனோடு நேராக இணைக்கவே கூடாது. உங்கள் மின்சாரம் திரும்பிப் போய், டிரான்ஸ்பார்மர் வழியாகப் பல ஆயிரம் வோல்ட்டாக மாறிக் கம்பியில் ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிர் போய்விடும். லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்று மட்டுமே மோட்டாரோடு சேரும்படி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துங்கள். அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள்; நல்ல எர்த்தும் போடச் சொல்லுங்கள்.