அவையில் ஒலித்த ஒற்றைக் குரல்

அடிமை விலங்கு அறுந்துவிட்டது. அரசியல் சட்டம் உரிமையை அறிவித்துவிட்டது. இனி அஞ்சுவானேன் என்று எண்ணுவோர் உண்டு. ஏட்டில் எழுதிய உரிமை நாட்டில் எப்படிப் பறிபோகும் என்பதை அறிய, அவர்கள் ஜார்ஜ் ஹென்றி ஒயிட்டின் வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1852-இல் பிறந்த கறுப்பர் ஒயிட். 1877-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியரானார், பின்னர் வழக்கறிஞரானார். மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் அமர்ந்தார். 1896 தேர்தலில் வென்று, அடுத்த ஆண்டு அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் நுழைந்தார். அன்று அந்தக் காங்கிரசு முழுவதிலும் அவர் ஒருவரே கறுப்பர்!

அந்த ஒற்றைக் குரல் எதைப் பேசிற்று? தென் மாநிலங்களில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பரைப் பிடித்து, வழக்குமின்றி விசாரணையுமின்றி மரத்தில் தொங்கவிட்டன. இக்கும்பற்கொலையைத் தேசத்துரோகமாக்கி, மரண தண்டனை விதிக்கும் மசோதாவை ஒயிட் 1900 ஜனவரி 20 அன்று கொணர்ந்தார். காங்கிரசில் இப்பொருள் பற்றி வந்த முதல் மசோதா அதுவே. குழுவுக்கு அனுப்பினர், குழுவிலேயே அதைப் புதைத்தனர்.

அவருடைய சொந்த மாநிலத்திலோ கொடுமை கொடிகட்டிப் பறந்தது. 1898 நவம்பர் 10 அன்று வில்மிங்டன் நகரில் ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் கறுப்பரின் செய்தித்தாள் அலுவலகத்தைக் கொளுத்திற்று, பலரைக் கொன்றது, மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சியைக் கவிழ்த்தது. துப்பாக்கி தொடங்கிய வேலையைச் சட்டம் முடித்தது. வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வு வேண்டுமென 1900-இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தினர். எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையன் என்ன செய்வான்? அவனுக்கும் வழி வைத்தனர்! 1867 ஜனவரி 1-இலோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவரின் வழித்தோன்றலுக்குத் தேர்வு இல்லை. கறுப்பரில் மிகப் பெரும்பாலோரின் பாட்டன்மார் அடிமைகள். அடிமைக்கு ஏது வாக்கு? சட்டத்தில் நிறத்தின் பெயர் இல்லை; ஆனால் சட்டம் முழுவதும் நிறமே இருந்தது!

ஒயிட் மறுபடியும் போட்டியிடவில்லை. 1901 ஜனவரி 29 அன்று விடைபெறும் உரையில், சாம்பலிலிருந்து எழும் பீனிக்சுப் பறவைபோலத் தம் மக்கள் ஒருநாள் மீண்டும் அந்த அவைக்கு வருவர் என்று முழங்கினார்.

முழங்கியதோடு முடங்கவில்லை. நியூ ஜெர்சியில் ஏறத்தாழ 1,700 ஏக்கர் நிலத்தை நண்பர்களோடு வாங்கி, கறுப்பர் குடியேற ஒயிட்ஸ்பரோ என்னும் ஊரை அமைத்தார். பிலடெல்பியாவில் மக்கள் சேமிப்பு பாங்கியை நிறுவினார். வீடு வாங்கவும் தொழில் தொடங்கவும் கறுப்பர் கடன் பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். வாக்குச்சீட்டைப் பறித்தவர்களுக்கு வரவுசெலவு ஏட்டால் விடையளித்த அவர், 1918-இல் மறைந்தார்.

அரிய பணிதான், ஐயமில்லை. ஆனால் வீட்டையும் நிலத்தையும் காக்கும் சட்டம் இயற்றப்படும் இடத்தில் குரல் இல்லையேல், பாங்கி மட்டும் காக்குமா? ஒயிட்டுக்குப் பின் 1929 வரை காங்கிரசில் ஒரு கறுப்பர் கூட இல்லை. வட கரோலினா மற்றொரு கறுப்பரைத் தேர்ந்தெடுத்ததோ 1992-இல்! கும்பற்கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் 2022-இல்தான் கையெழுத்தாயிற்று. இடையில் ஓடியவை 122 ஆண்டுகள்!

உரிமையைப் பெற்ற நாளோடு போராட்டம் முடிவதில்லை. அதைக் காக்கும் நாள்களே நீண்டவை.