சக்கரவர்த்தி ஜோன்ஸாக வந்தவர்

சென்ற வாரம் பெர்ட் வில்லியம்ஸின் சரித்திரத்தைச் சொல்லி வந்தபோது, பிறப்பிலேயே கறுத்த மேனியுடைய அந்த மகா நடிகர், வெள்ளையர் வகுத்துவைத்த விதூஷக வேஷத்துக்காகத் தம் முகத்தின்மேல் மேலும் கரியைப் பூசிக்கொண்ட பிறகே பிராட்வே மேடையில் நிற்க முடிந்தது என்பதைக் கண்டோம். அந்தக் கரியும் இன்றி, ஜனங்களைச் சிரிக்கவைத்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இன்றி, ஒரு சோக நாடகத்தின் முழுப் பாரத்தையும் தாம் ஒருவராகவே சுமந்து அதே பிராட்வேயில் நின்று காட்டியவர் சார்லஸ் கில்பின். அவருடைய கீர்த்தி எவ்வளவு விரைவில் எழுந்ததோ அவ்வளவு விரைவில் அவிந்தது. ஆயினும் அது எரிந்த காலத்தில் தந்த வெளிச்சத்தை, அமெரிக்க நாடக வரலாற்றை எழுதப் புகும் எவரும் கடந்துபோய்விட முடியாது.

அடிமை முறையைக் காப்பதற்காகப் போர் தொடுத்த தென் மாநிலங்களுக்குத் தலைநகரமாக இருந்த ரிச்மண்டில், அந்தப் போர் ஓய்ந்து 13 ஆண்டுகள் சென்றபின், 1878-இல் கில்பின் பிறந்தார். படிப்பை இளவயதிலேயே விட்டு அச்சுக்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். பாட்டும் கூத்துமாக ஊர் ஊராகச் சுற்றிய கம்பெனிகளில் வேஷம் கட்டினார். கம்பெனி கலைந்த போதெல்லாம் அச்சுக்கோப்பவராகவும், நாவிதராகவும், ரயில் வண்டியில் போர்ட்டராகவும், லிப்ட் இயக்குபவராகவும் வயிறு கழுவினார். சிகாகோவில் கறுப்பினத்தார் தமக்கென நடத்திய பெக்கின் நாடக சாலையில் 1907 முதல் சில ஆண்டுகள் நடித்தது அவருக்குக் குருகுலவாசம் போல் அமைந்தது. பிறகு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், அனிட்டா புஷ் என்னும் அம்மையார் 1915-இல் தொடங்கிய நாடகக் குழுவில் சேர்ந்தார். பிராட்வேயில் வெள்ளையர் நடித்த நாடகங்களையே அக்குழுவினர் சுருக்கி, வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஆடிவந்தனர். வாரந்தோறும் புது வசனம், புது வேஷம் என்ற அந்தச் சாதகம்தான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது.

1919-ஆம் ஆண்டின் இறுதியில், ஜான் டிரிங்க்வாட்டர் என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதிய ‘ஆபிரகாம் லிங்கன்’ நாடகம் பிராட்வேயில் ஏறியபோது, லிங்கனைக் காணவரும் கறுப்பினப் பெரியவரின் வேஷம் கில்பினுக்குக் கிடைத்தது. ஒரே காட்சிதான். ஆனால் அந்த ஒரு காட்சியே அவர் பெயரைச் சிலருடைய நினைவில் ஊன்றிவிட்டது.

அந்தச் சமயத்தில் கிரீனிச் வில்லேஜின் மக்டூகல் தெருவில், முன்னொரு காலத்தில் குதிரை லாயமாக இருந்த கட்டடத்தில், ஏறக்குறைய 200 பேர் நெருக்கி உட்காரக்கூடிய சிறிய அரங்கு ஒன்றை வைத்துக்கொண்டு, பிராவின்ஸ்டவுன் குழுவினர் என்ற இளைஞர் கூட்டத்தார் பணத்தைக் கருதாமல் புதிய நாடகங்களைப் பரீட்சித்து வந்தனர். அவர்களுடைய நாடகாசிரியர் யூஜீன் ஓநீல் எழுதிக் கொடுத்த புதிய நாடகம் ‘எம்பரர் ஜோன்ஸ்’. ரயில்வே போர்ட்டராக இருந்து, கொலை செய்து சிறைப்பட்டு, சிறையிலிருந்து தப்பி, மேற்கிந்தியத் தீவு ஒன்றை அடைந்து, அங்குள்ள மக்களை மிரட்டியும் ஏய்த்தும் தன்னைச் சக்கரவர்த்தியாக்கிக்கொண்ட புரூட்டஸ் ஜோன்ஸ் என்பவனுடைய கடைசி இரவே அதன் கதை. அமெரிக்காவில் அந்நாளைய வழக்கப்படி, இப்படிப்பட்ட வேஷத்துக்கு ஒரு வெள்ளை நடிகரை அழைத்து அரிதாரம் பூசி நிறுத்தியிருப்பார்கள். குழுவுக்குள்ளேயும் அந்த யோசனை எழாமல் இல்லை. கறுப்பின நடிகரே வேண்டும் என்று வாதாடியவர்கள் வென்றார்கள், கில்பின் வந்தார்.

அரங்கேற்றம் 1920-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி. குழுவின் தலைவரான ஜார்ஜ் கிராம் குக், கையிருப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டு, மேடையின் பின்புறத்தில் சுண்ணச் சாந்தினால் வளைந்த கவிகை ஒன்றைக் கட்டியிருந்தார். அதன்மீது ஒளி விழுந்தால் சுவர் மறைந்துபோய் எல்லையற்ற ஆகாயம் தோன்றும். அந்த ஆகாயத்தின் முன்னே, கிளர்ந்தெழுந்த குடிமக்களுக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடுகிறான் சக்கரவர்த்தி. முதற்காட்சியின் முடிவில் தொலைவில் ஒரு முரசு ஒலிக்கத் தொடங்குகிறது. ஆரோக்கியமான மனிதனின் நாடித் துடிப்பைப் போல நிமிஷத்துக்கு 72 அடி. பிறகு இரவெல்லாம் அது ஓயாமல், சிறிது சிறிதாக வேகம் ஏறி, காண்போரின் இருதயத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. எட்டுக் காட்சிகளில் நடுவிலுள்ள ஆறும் காட்டில் நிகழ்பவை. அவற்றில் பேசுபவன் ஜோன்ஸ் ஒருவனே. அவன் கொன்ற மனிதன் வருகிறான், சிறைக்காவலன் வருகிறான், பிறகு அவனுடைய சொந்த ஞாபகங்களையும் தாண்டி, முன்னோரை ஏலம் கூறி விற்ற சந்தையும், அவர்களை விலங்கிட்டு ஏற்றிவந்த கப்பலின் அடித்தளமும், ஆப்பிரிக்கக் காட்டு மந்திரவாதியும் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. காட்சிக்குக் காட்சி ராஜ உடுப்பு கிழிந்து உதிர, மிடுக்கு மங்க, இறுதியில் அரையில் ஒரு கந்தலோடு மண்ணில் புரளும் மனிதனாக அவன் மிஞ்சுகிறான்.

எதிரே பதில் சொல்ல ஒருவரும் இன்றி, ஆறு காட்சிகளைக் குரலாலும் உடலாலும் மட்டுமே நிரப்புவது எவ்வளவு கடினம் என்பதை மேடையேறியவர்களே அறிவார்கள். கில்பினுக்கு அப்போது வயது 42-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஜோன்ஸ் ஏறி இறங்கிய படிகளில் சிலவற்றை அவரும் தம் கால்களால் மிதித்தவர். போர்ட்டரின் பணிவும், அந்தப் பணிவுக்குள் புதைந்துகிடக்கும் சீற்றமும் அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயங்கள் அல்ல. அலெக்சாண்டர் உல்காட், ஹேவுட் பிரவுன் முதலிய விமரிசகர்கள் அவரை மனமாரப் புகழ்ந்து எழுதினார்கள். டிக்கெட்டுக்காக மக்டூகல் தெருவில் வரிசை நீண்டது. ஆண்டு முடிவதற்குள் நாடகம் பிராட்வேக்குப் பெயர்ந்து, 200-க்கு மேற்பட்ட தடவை நடந்தேறிய பிறகு, வெளியூர்களுக்கும் சென்றது.

1921-இல் நியூயார்க் நாடகச் சங்கத்தார், அவ்வாண்டில் அமெரிக்க நாடகக் கலைக்குப் பெருந்தொண்டு புரிந்த பதின்மரைத் தேர்ந்து விருந்தளிக்க முற்பட்டபோது, அப்பதின்மரில் கில்பினும் ஒருவர். கறுப்பினத்தவர் ஒருவர் அந்தக் கௌரவத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. ஆனால் அவருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதா என்று அங்கத்தினர் சிலர் முணுமுணுக்க, அழைப்பை அனுப்பாமலே இருந்துவிடலாமா என்று சங்கத்தார் தயங்கினார்கள். செய்தி வெளிப்பட்டதும், ஓநீல் மற்றக் கௌரவ விருந்தினர்களை அணுகி, கில்பின் இல்லாத விருந்துக்கு நாமும் போகலாகாது என்று மன்றாடினார், அவர்களும் உடன்பட்டனர். கில்பின் அழைக்கப்பட்டார், சென்றார், கரகோஷம் வெகுநேரம் அடங்கவில்லை என்கிறார்கள். அதே ஆண்டில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் அவருக்கு ஸ்பிங்கார்ன் பதக்கத்தை வழங்கியது; ஜனாதிபதி ஹார்டிங் வெள்ளை மாளிகையில் அவரை வரவேற்றார்.

இப்படித் தமக்காக வாதாடிய ஓநீலோடுதான் அவர் மோத நேர்ந்தது. தகராறுக்குக் காரணம் ஒரே ஒரு சொல். கறுப்பினத்தாரை இழிவுபடுத்த வெள்ளையர் வழங்கிய வசைச்சொல் ஒன்றை, ஜோன்ஸின் வாயிலேயே பலமுறை வரும்படி ஓநீல் எழுதியிருந்தார். அப்படிப்பட்டவன் அப்படித்தான் பேசுவான் என்பது அவர் கட்சி. இரவுதோறும், பெரும்பாலும் வெள்ளையரே நிறைந்த சபையின் முன், தம் இனத்தின்மேல் எறியப்பட்ட அந்தச் சொல்லைத் தம் நாவினாலேயே உச்சரிக்க வேண்டியிருந்த கில்பினோ, நாளடைவில் அதை விட்டுவிட்டு, ‘நீக்ரோ’ என்பது போன்ற வேறு சொற்களைப் பெய்து பேசலானார். வசனத்தை மாற்றினால் அடிப்பேன் என்று ஓநீல் மிரட்டும் அளவுக்கு விவகாரம் முற்றியது. நாடகாசிரியனின் சொல்லை நடிகன் மாற்றலாகாது என்ற நியதியை நானும் மதிக்கிறேன். ஆயினும் இவ்வழக்கில் என் மனம் கில்பின் பக்கமே சாய்கிறது. எழுதியவர் ஒருமுறை எழுதிவிட்டு எழுந்துபோனார். சொல்ல வேண்டியவர் நூற்றுக்கணக்கான இரவுகள் சொல்ல வேண்டியிருந்தது. கில்பின் மிகுதியாகக் குடிக்கிறார் என்பதும் ஓநீலின் மனக்குறைகளில் ஒன்று. அது பொய்யென்று மறுப்பதற்கில்லை.

1924-இல் நாடகம் மீண்டும் மேடையேறியபோது, ஜோன்ஸின் வேஷம் கில்பினைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவரும், சட்டம் பயின்றவரும், கம்பீரமான குரல் வாய்ந்தவருமான பால் ராப்சனுக்குப் போயிற்று. மறு ஆண்டு லண்டனுக்குச் சென்றவரும், பின்னர் 1933-இல் திரைப்படத்தில் தோன்றியவரும் ராப்சனே. அவருடைய மேதையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் 1946-இல், தம் படைப்புகள் யாவற்றையும் திரும்பிப் பார்த்த ஓநீல், தாம் மனத்தில் கண்ட பாத்திரத்தை ஒன்றும் குறையாமல் மேடையில் கொண்டுவந்த நடிகர் ஒரே ஒருவர்தான், அவர் ஜோன்ஸாக நடித்த கில்பின் என்று ஒப்புக்கொண்டார்.

1926-இல் கில்பின் தாமே முன்னின்று அந்நாடகத்தை மேபேர் அரங்கில் மறுபடியும் நடத்தினார். அப்போது ஸ்மிதர்ஸ் என்ற வெள்ளை வியாபாரியின் வேஷத்தில் அவருடன் நின்ற இளைஞர் மாஸ் ஹார்ட், பின்னாளில் தாமே புகழ்பெற்ற நாடகாசிரியராக விளங்கினார்; தம் சுயசரிதையில் கில்பினுடன் மேடையேறிய நாட்களை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அதே ஆண்டில், குடியால் குடும்பத்தைக் கெடுத்துப் பின் திருந்தும் ஒருவனின் கதையான ‘டென் நைட்ஸ் இன் எ பார்ரூம்’ என்ற படத்தில் கில்பின் நாயகராக நடித்தார். அப்படம் இன்றும் இருக்கிறது. அவருடைய முகத்தையும் கைகளையும் அதில் காணலாம். பேசாப் படமாதலால் குரல் இல்லை.

அந்தக் குரலே பிறகு கெட்டுவிட, அவர் பழையபடி லிப்ட் இயக்கப் போனார். 1930-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி, நியூஜெர்சி மாநிலத்தில் காலமானார். நண்பர்கள் ஈமக்கிரியைக்கு ஏற்பாடு செய்து, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலுள்ள உட்லான் மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பெர்ட் வில்லியம்ஸை எட்டு ஆண்டுகளுக்கு முன் அடக்கியதும் அங்கேதான்.