குருவிக்குக் கட்டிய முட்டி

சிட்டுக்குருவி மனிதக் குடியிருப்பை ஒட்டியே வாழும் பறவை. அது பெரும்பாலும் சுவர்ப் பொந்திலும் கூரை இடுக்கிலும் கூடு வைக்கும். இலங்கையில் அதற்கு வீட்டிலேயே இடம் கொடுப்பது பழைய வழக்கம். சிறிய மண்முட்டியைக் கயிற்றில் கட்டி விறாந்தை வளையில் தொங்கவிடுவார்கள். குருவிச் சோடி வைக்கோலும் இறகும் கொண்டுவந்து அதை நிரப்பும். குருவி குடியேறிய வீட்டில் செல்வம் தங்கும் என்பது நம்பிக்கை. நெதர்லாந்துப் பகுதிகளிலும் முற்காலத்தில் சுவர்களில் மண்கலங்களை மாட்டினார்கள். அங்கே குஞ்சுகளை எடுத்து உண்பதே நோக்கம். இலங்கை முட்டியோ குருவிக்கு அடைக்கலமாகவே தொங்கியது.

இலங்கையின் கிழக்கிலுள்ள கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய கரையோர ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே நெல் வட்டை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதியின் பாசனத்தை விரிவாக்கியது. களவெட்டியில் மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்தில் சிந்திய நெல் குருவிக்கு இரையானது. வீட்டு முற்றத்தில் நெல் காயும். உரலில் குத்திச் சுளகில் புடைக்கும்போது குறுணல் சிதறும். ஓட்டுக் கூரையும் கிடுகுக் கூரையும் கூடு வைக்க இடுக்குத் தந்தன.

இந்த வாழ்க்கை பின்னர் மாறியது. தட்டைக் கொங்கிறீற்றுக் கூரையில் குருவிக்கு இடுக்கு இல்லை. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி கரையோர வீடுகளை அழித்தது. அவற்றின் இடத்தில் சிமெந்து வீடுகள் எழுந்தன. அறுவடை இயந்திரம் வந்ததும் களவெட்டி ஓய்ந்தது, நெல் குத்தும் வேலை ஆலைக்குப் போனது. பூச்சிநாசினி புழு பூச்சிகளைக் குறைத்தது. வளர்ந்த குருவி தானியத்தில் வாழும். பொரித்த குஞ்சுக்கோ முதல் நாட்களில் புழு பூச்சியே உணவு.

பிற நாடுகளிலும் இப்பறவை குறைந்தது. பிரித்தானியா 2002இல் இதை ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. 2020இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுவதுமாகப் பார்த்தால் எண்ணிக்கை நிலையாக இருப்பதாகவும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் கண்டது. நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவர் கூட்டுப் பெட்டிகளைப் பரப்பினார்; அவர் நிறுவிய அமைப்பின் முயற்சியால் 2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளானது. டெல்லி 2012இல் சிட்டுக்குருவியை மாநிலப் பறவையாக்கியது. சென்னையின் ‘கூடுகள்’ அமைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்கு மரக்கூடு செய்யப் பழக்குகிறது. நான்கு ஆண்டுகளில் பத்தாயிரம் கூடுகள் உருவானதாக 2024இல் அறிவிக்கப்பட்டது.

கூட்டுப் பெட்டியின் வாசல் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் அகலம் இருந்தால் குருவி நுழையும். பெரிய பறவைகள் நுழையா. நிலத்திலிருந்து இரண்டரை, மூன்று மீற்றர் உயரத்தில், நேர் வெயிலும் மழையும் படாத சுவரில், பூனைக்கு எட்டாதபடி மாட்ட வேண்டும். வாசலுக்குக் கீழே குச்சி வைத்தால் அது எதிரிகளுக்குப் படியாகும். குருவிகள் கூட்டமாக வாழ்வதால் பல பெட்டிகளை அருகருகே மாட்டலாம். பெட்டை மூன்று முதல் ஐந்து முட்டை இடும். இரு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். மேலும் இரு வாரத்தில் அது பறக்கும். குஞ்சுகள் போனபின் பழைய கூட்டை அகற்றிச் சுத்தம் செய்வது பேன், உண்ணி பெருகாமல் காக்கும்.

முட்டியானாலும் மரப்பெட்டியானாலும் குருவிக்குத் தருவது இடம் மட்டுமே. இரைக்குத் தானியமும் குஞ்சுக்குப் பூச்சியும் இல்லாத ஊரில் பெட்டி வெறுமையாகவே கிடக்கும். ஆகவே பெட்டி மாட்டுபவர்கள் மருந்தடிக்காத செடிகொடி நிறைந்த வளவையும், ஒரு சட்டி நீரையும், சிறிது தானியத்தையும் சேர்த்தே பேண வேண்டும்.