நான்காம் பரிமாணம்

உடப்புக் கரையிலே அம்பா பாடிக் கரைவலை இழுப்போரைக் கண்டவர்க்குப் பரிமாணம் என்பது புதிதன்று. நீண்டு கிடக்கும் கயிற்றுக்கு நீளமே கணக்கு. மணலில் விரித்த வலைக்கு அகலமும் சேர்கிறது. மீன் நிறைந்த மடிக்கோ உயரமும் வந்துவிடுகிறது. இம்மூன்றுக்கு அப்பால் நான்காவது உண்டோ? இல்லை என்றே அரிஸ்டாட்டில் உரைத்தார். அவ்வுரை ஈராயிரம் ஆண்டு நிலைத்தது.

பரிமாணங்களுக்கு அவ்வெல்லை வேண்டியதில்லை எனக் காட்டும் நூலொன்றை 1844-இல் ஸ்டெட்டின் நகரத்து ஆசிரியர் ஹெர்மன் கிராஸ்மான் வெளியிட்டார். கண் எட்டாத இடத்தில் எண்ணே துணை. கோட்டுக்கு முனை 2, சதுரத்துக்கு மூலை 4, கனசதுரத்துக்கு 8. உருவம் ஒவ்வொரு முறையும் புதியதொரு திசையில் நகர, மூலைகள் இரட்டிக்கின்றன. ஆகவே நான்காம் பரிமாணத்தில் 16. தாளில் வரைந்தால் அதன் நிழலே கிடைக்கும். கணக்கோ முழுமையாய் நிற்கும்.

நூலை வாங்குவார் இல்லை. அதன் நடை கடினம் என்பதையும் மறுப்பதற்கில்லை. பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. விற்காத படிகள் 1864-இல் கழிவுக் காகிதமாயின. அவரோ வடமொழியில் மூழ்கி இருக்குவேதத்துக்கு அகராதி தொகுத்தார். டியூபிங்கன் பல்கலைக்கழகம் 1876-இல் பட்டமளித்துச் சிறப்பித்ததும் மொழிப்புலமைக்கே, கணிதத்துக்கன்று. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

1908-இல் மின்கோவ்ஸ்கி காலத்தையே நான்காம் பரிமாணமாக வெளியுடன் பிணைத்தார். அவருடைய ஆய்வுகளையும் ஐன்ஸ்டைனின் கட்டுரைகளையும் மேகநாத் சாகாவும் சத்தியேந்திர நாத் போசும் ஆங்கிலமாக்க, 1920-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவற்றை நூலாக்கியது.