கோவிந்து வரைஞ்ச ஆர்க்கிட்

போன வாரம் ஆவடியில இருந்து லோக்கல் ட்ரெயின்ல ஆபீஸ் போயிட்டு இருந்தேன். ஜன்னல் சீட்டு கிடைச்ச சந்தோஷத்துல போனை எடுத்தா, காலேஜ் குரூப்ல ஒருத்தன் ஒரு டூர் விளம்பரம் போட்டிருந்தான். கிரீட், சைப்ரஸ் மாதிரி மத்தியதரைக்கடல் தீவுகளுக்கு வசந்த காலத்துல கூட்டிட்டுப் போவாங்களாம். பீச்சுக்கு இல்ல, பூ பாக்க! தாவரவியல் தெரிஞ்ச கைடு ஒருத்தர் கூடவே வந்து, மலைச்சரிவுல குனிஞ்சு, விரல் உயரத்துக்கு நிக்கிற ஆர்க்கிட்டை எல்லாம் காட்டுவாராம். கீழே ஒரு ரிப்ளை: "பூ பாக்கவா இவ்ளோ செலவு? கோயம்பேடு போடா, ஃப்ரீ."

சிரிச்சிட்டு நிமிந்து பாத்தா வண்டி திருமுல்லைவாயில்ல நிக்குது. தொண்டைமானோட யானை முல்லைக்கொடியில சிக்கின கதை சொல்ற ஊர். அங்க இருந்து தெற்கே போனா பூவிருந்தவல்லி, நம்ம பூந்தமல்லி. பூவைப் பேர்ல வெச்சிருக்கிற ஊர்களுக்கு நடுவுலதான் தினமும் போயிட்டு வரோம். ஆனா நம்ம பக்கத்துப் பூக்களை உலகத்துக்குக் காட்டினவங்க யாருன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியல. அதைத் தேடிப் போன கதைதான் இந்த எபிசோட்.

முதல்ல அந்தத் தீவுகள். அங்க மழை பெய்யறது குளிர்காலத்துல. கோடை ஒரே காய்ச்சல். அதனால செடிகளுக்குக் கிடைக்கிற இடைவெளி வசந்தம் மட்டும்தான். மார்ச், ஏப்ரல்ல பாறைச்சரிவு முழுக்கப் பூ. அதுல பிரபலம் ஓஃப்ரிஸ்ங்கிற ஆர்க்கிட் வகை. அதோட கீழ் இதழ் பாக்குறதுக்குப் பெண் தேனீ மாதிரியே இருக்கும், வாசனையும் அப்படியே. ஆண் தேனீ ஏமாந்து வந்து உக்காரும். அது தலையில மகரந்த மூட்டை ஒட்டிக்கும். அடுத்த பூவுலயும் ஏமாறும், வேலை முடிஞ்சது. சொட்டுத் தேன் கூடக் கொடுக்காம நடக்கிற டெலிவரி சர்வீஸ்!

இந்தப் பக்கத்துப் பூக்களைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் இருக்கு, பேர் 'ஃப்ளோரா கிரேக்கா'. ஆக்ஸ்ஃபோர்டுல தாவரவியல் பேராசிரியரா இருந்த ஜான் சிப்தார்ப் 1786, 1787-ல கிரீட், சைப்ரஸ்னு சுத்தினார். கூட ஃபெர்டினாண்ட் பாயர்னு ஒரு ஓவியரைக் கூட்டிட்டுப் போனார். பறிச்ச பூ சாயங்காலத்துக்குள்ள வாடிடும். அங்கேயே உக்காந்து வண்ணம் தீட்ட நேரம் கிடையாது. அதனால பாயர் பென்சில்ல வரைஞ்சு, ஒவ்வொரு பகுதியிலயும் ஒரு நம்பர் எழுதிப்பார். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு நிறம். ஆக்ஸ்ஃபோர்டு திரும்பி வந்து நம்பரைப் பாத்து வண்ணம் தீட்டினார். நம்ம டிசைனர்ஸ் பயன்படுத்துற ஹெக்ஸ் கோடு ஐடியாதான். கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே!

சிப்தார்ப் 1796-லயே இறந்துட்டார். அவர் விட்டுட்டுப் போன பணத்துல 1806-ல இருந்து 1840 வரைக்கும் 10 தொகுதி, 966 வண்ணப் படங்களோட அந்தப் புத்தகம் வந்தது. முதல்ல வாங்கினவங்க 25 சந்தாதாரர்கள்தான். விலை அப்படி.

அதே காலக்கட்டத்துல நம்ம ஊர்ல என்ன நடந்தது? 1819-ல ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் கம்பெனி ராணுவத்துல வேலைக்கு மெட்ராஸ் வந்தார். வைத்தியம் சம்பளத்துக்கு, செடி மனசுக்கு. அவர்கிட்ட 1820-கள்ல இருந்து ஓவியரா வேலை பாத்தவர் ரங்கய்யா. 1840-களோட நடுவுல அந்த இடத்துக்கு வந்தவர் கோவிந்து. ரெண்டு பேரும் இந்த மண்ணு ஓவியர்கள். காய்ஞ்சு தட்டையான ஒரு மாதிரியையோ, அப்போதான் பறிச்ச கிளையையோ முன்னாடி வெச்சு, இதழ், சூலகம், விதைன்னு தனித்தனியா பிரிச்சு, பெருசாக்கி வரைவாங்க.

வைட் கல் அச்சு முறையைக் கத்துக்கிட்டார். கல்லுல எண்ணெய் மையால வரைஞ்சு அதுல இருந்து பிரதி எடுக்கிறது. படங்களை மெட்ராஸ்லயே அச்சடிச்சார். 1838-ல ஆரம்பிச்சு 1853 வரைக்கும் 6 தொகுதி, 2101 படம். லத்தீன்ல நீளமா ஒரு பேர், சுருக்கமா 'ஐகோன்ஸ்'னு சொல்வாங்க. வண்ணம் கிடையாது, கறுப்புக் கோடுதான். காரணம் விலை. 25 பணக்காரங்களுக்கு இல்லாம, செடி படிக்கிற யாரும் வாங்கணும்ங்கிறதுதான் எண்ணம். நீலகிரி மாதிரி மலைகள்ல பூத்த எத்தனையோ ஆர்க்கிட் இந்தக் கோடுகள் வழியாத்தான் வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது.

அந்தப் படங்களோட கீழ் மூலையில பொடி எழுத்துல 'ரங்கய்யா டெல்.', 'கோவிந்து டெல்.'னு இருக்கும். லேப்டாப் டெல் இல்லீங்க! லத்தீன்ல 'வரைஞ்சவர்'ங்கிற சொல்லோட சுருக்கம். அந்தக் காலத்துல கம்பெனி அதிகாரிகளுக்காக நம்ம ஊர் ஓவியர்கள் ஆயிரக்கணக்குல வரைஞ்சாங்க. பெரும்பாலான படங்கள்ல பேரே கிடையாது. 'ஒரு உள்ளூர்க்காரர் வரைஞ்சது', அவ்வளவுதான். அந்த விஷயத்துல வைட் ஒரு படி மேல.

இன்னொரு படியும் ஏறினார். ஐகோன்ஸோட கடைசித் தொகுதியில, 1853-ல, ஒரு ஆர்க்கிட்டைப் புதுப் பேரினம்னு முடிவு பண்ணி அதுக்கு 'கோவிந்தூயா'ன்னு பேர் வெச்சார். ஆமா, நம்ம கோவிந்து பேர்லதான். வெள்ளைக்கார கவர்னர்களும் டாக்டர்களும் செடிப் பேர்ல உக்காந்திருந்த காலத்துல, சம்பளத்துக்கு வரைஞ்ச ஒரு இந்திய ஓவியர் பேர்ல ஒரு ஆர்க்கிட். அதே வருஷம் வைட் இந்தியாவை விட்டுக் கிளம்பிட்டார்.

இதைப் படிச்சதும் எனக்குப் புல்லரிச்சது. உடனே அந்தப் பேரைப் போட்டுத் தேடினேன். திரையில வந்தது ஒரே வரி: கோவிந்தூயா, இணைப்பெயர், பாக்க 'ட்ரோபிடியா'.

என்ன ஆச்சுன்னா, அந்தப் பூ புதுப் பேரினமே இல்ல. ஜான் லிண்ட்லிங்கிற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அதுக்கு முன்னாடியே ட்ரோபிடியான்னு பேர் கொடுத்த கூட்டத்துல அதுவும் ஒண்ணு. தாவரப் பெயர்கள்ல முதல்ல முறையா வெளியானதுதான் நிக்கும், அது விதி. ரெண்டு பேர் ஒரே ஃபங்ஷனை வேற வேற பேர்ல எழுதிட்டா, முதல்ல மெர்ஜ் ஆனதை வெச்சுக்கிட்டு ரெண்டாவதை ஓரங்கட்டுவோம் இல்லையா, அது மாதிரி. யாரும் சதி பண்ணல. ஆனா முடிவைப் பாருங்க. வைட் பேர்ல நதானியேல் வாலிச் வெச்ச 'வைட்டியா' இன்னைக்கும் நிக்குது. பாயரையும் அவர் அண்ணனையும் நினைச்சு வெச்ச 'பாயெரா' ஆஸ்திரேலியாவுல இன்னைக்கும் அதே பேர்லதான் பூக்குது. கோவிந்து பேர் மட்டும் அடிக்குறிப்புக்குப் போயிடுச்சு. அந்தப் பேரை இனி வேற எந்தப் பேரினத்துக்கும் வைக்கவும் முடியாது, விதி அதையும் தடுக்குது. நிரல்ல 'ரிசர்வ்டு வேர்டு' மாதிரி. இருக்கு, ஆனா பயன்படுத்த முடியாது.

இது ஏன் என்னை இவ்வளவு உறுத்துச்சுன்னு சொல்றேன். முன்னாடி ஒரு கம்பெனியில ரெண்டு வருஷம் ஒரு மாட்யூல் எழுதினேன். அப்புறம் கோடை எல்லாம் புது சர்வருக்கு மாத்தினாங்க. பழைய ஹிஸ்டரியை எடுத்துட்டுப் போகல. அடுத்த நாள் திறந்து பாத்தா, நான் எழுதின ஒவ்வொரு வரிக்கும் நேரா 'அட்மின்'னு இருக்கு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஒரு செட்டிங் விட்டுப்போச்சு. கோடு ஓடிட்டுத்தான் இருந்தது. ஆனா டீக்கடையில நின்னுக்கிட்டு அன்னைக்கு நான் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

எனக்காவது அது ரெண்டு வருஷம். ரங்கய்யாவும் கோவிந்துவும் வாழ்க்கையோட பெரும்பகுதியை வரைஞ்சே கழிச்சவங்க. நல்ல விஷயம் என்னன்னா, அவங்களோட மூல ஓவியங்கள் நிறைய எடின்பரோ ராயல் பொட்டானிக் கார்டன்ல பத்திரமா இருக்கு. அங்க வேலை பாத்த ஹென்றி நோல்டி 2007-ல அதைப் பத்திப் புத்தகம் கொண்டு வந்தார். அட்டையில வைட் பேரோட ரங்கய்யா, கோவிந்து பேரும் இருக்கு. மூலையில பொடி எழுத்துல இருந்த பேர் அட்டைக்கு வர 150 வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பொடி எழுத்தாவது இருந்ததாலதான் வர முடிஞ்சது. பேரே போடாத படங்களை வரைஞ்சவங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்ல.

சரி, நம்ம டூருக்கு வருவோம். கிரீட் போக வசதி இருந்தா போங்க. இல்லாட்டி நமக்கும் ஒரு பூக்காலம் இருக்கு. நமக்கு வசந்த வேலையைப் பண்றது மழைதான். தென்மேற்குப் பருவமழைக்கு அப்புறம், ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும், நீலகிரி, கொடைக்கானல் புல்வெளிகள்ல தரை ஆர்க்கிட் பூக்கும். சேலத்துப் பக்கம் ஏற்காட்டுல இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தோட தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கு. பூவைப் பறிக்காதீங்க, கிழங்கைத் தோண்டாதீங்க, அது இல்லாம அடுத்த வருஷம் அது வராது.

போற இடத்துல ஒரு அண்ணனோ அக்காவோ, "தம்பி, அந்தப் பாறைக்குப் பின்னாடி பாருங்க"ன்னு காட்டுவாங்க. நீங்க படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட்லயோ இன்ஸ்டாவுலயோ போடுவீங்க. பூவோட பேர் வரும், உங்க பேர் வரும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, கீழே 'காட்டியவர்'னு அவங்க பேரையும் சேர்த்துப் போடுங்க. பூவோட பேரை நாளைக்கு ஆராய்ச்சியாளர்கள் மாத்தலாம். அந்த வரியை மாத்த எந்த விதியும் இல்ல.

அடுத்த எபிசோட்ல பாப்போம். அது வரைக்கும், திருமுல்லைவாயில் தாண்டும்போது ஒரு தடவை போன்ல இருந்து தலையைத் தூக்கிப் பாருங்க.