ஆட்குறைப்பு நேரலை

எனது பேரனாரின் வீட்டில் பழைய கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குரிய இசைத்தட்டுகளின் நடுவே, ஒலிக்குழாயின் முன்னமர்ந்து காதுகொடுக்கும் நாயொன்றின் படம் காணப்படும். எச்.எம்.வி. என்றால் எமக்கு அந்த நாய்தான். பிரான்சிஸ் பரோட் என்ற ஓவியர் வரைந்த அந்த நாயின் பெயர் நிப்பர் என்பதையும், அம்மூன்றெழுத்து 'எசமானின் குரல்' என்று பொருள்படும் என்பதையும் பின்னாளிலேயே அறிந்தேன்.

அதே பெயரில் 1921 இல் இலண்டன் ஒக்ஸ்போர்ட் வீதியில் கடையொன்று உதயமானது. புகழ்பெற்ற இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கார் அதனைத் திறந்துவைத்தார். காலப்போக்கில் அது இருநூறுக்கும் மேற்பட்ட கிளைகளாகப் பெருகியது. பின்னர் மக்கள் இணையத்தில் இசை வாங்கத் தொடங்கவே நொடித்துப்போனது. 2013 ஜனவரி 15 இல் டெலொய்ட் நிறுவனத்தினர் அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றனர். பரிசுச் சீட்டுகளை ஏற்கமாட்டோம் என்று முதலில் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் ஒரு வாரத்தில் அதை மாற்றிக்கொண்டனர். முதலே கோணல்.

அதே ஜனவரி 31 ஆம் திகதி நடந்ததுதான் நான் சொல்லவந்த கதை. தலைமையகத்திலும் விநியோகப் பிரிவிலும் 190 பேர் வேலையிழந்த நாள் அது. தலைமையக ஊழியர்களை அழைத்து அதனைத் தெரிவித்துக்கொண்டிருந்த வேளையிலேயே, கம்பனியின் உத்தியோகபூர்வ டுவிட்டர் கணக்கில் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. நாம் அனைவரும் ஒருசேர வேலைநீக்கப்படுகிறோம், அதை இங்கிருந்தே நேரலையாகத் தருகிறோம் என்ற பொருளில் ஒன்று. டுவிட்டரை எப்படி மூடுவது என்று சந்தைப்படுத்தல் பணிப்பாளர் கேட்டது காதில் விழுந்தது என இன்னொன்று. இக்கணக்கைத் தொடங்கியவரே ஊதியமில்லாப் பயிற்சியாளர் ஒருவர்தான் என்று மற்றொன்று. பதிவுகளை விரைவில் அழித்துவிட்டனர். ஆயினும் பலர் அவற்றைப் பிரதிசெய்துவைத்திருந்தனர். அன்று உலகம் கேட்டது எசமானின் குரலையன்று.

இதனைப் பலரும் கடவுச்சொல் பாதுகாப்புக்கான பாடமாகவே எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையில் பிரிவொன்றை மூடியபோது, அறிவித்தல் பலகையில் கடதாசி ஒட்டப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே கன்ரீனில் அச்செய்தி உலாவியது. ஏன், எவர், எப்போது என்ற எங்கள் வினாக்களுக்கு அக்கடதாசியிலும் பதில் இருக்கவில்லை. எனவே நாங்களே பதில்களைப் புனைந்துகொண்டோம். அவை உண்மையிலும் மோசமானவை. எங்கள் கன்ரீனுக்குச் சுவர்கள் இருந்தன, எச்.எம்.வி. ஊழியர்களின் கன்ரீனுக்கு இல்லை. வாடிக்கையாளரோடு நாள்தோறும் கம்பனியின் பெயரால் உரையாடியவர்களை, தம் வேலை போவதைப் பற்றி மட்டும் வாய்திறவாதிருப்பார்கள் என்று முகாமைத்துவம் நம்பியிருந்தது. முன்கூட்டியே அவர்களோடு அமர்ந்து, வெளியே என்ன சொல்லப்போகிறோம் என்று பேசியிருந்தால், அப்பதிவுகளுக்கு இடமே இருந்திராது.

ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கணக்கு மீண்டும் கைக்கு வந்தபின், விடைபெறும் சகா ஒருவர் மனம் நொந்தது புரிந்துகொள்ளக்கூடியதே என்ற கருத்தில் கம்பனி ஒரு குறிப்பிட்டது. மிரட்டல் இல்லை, மழுப்பல் இல்லை. அந்த மாதம் முழுவதிலும் அவர்கள் பேசியவற்றுள் மனிதர் பேசுவதுபோல் இருந்தது அந்த ஒன்றே.

எச்.எம்.வி. பின்னரும் ஒருமுறை நொடித்து, கைமாறியது. 2023 நவம்பரில் ஒக்ஸ்போர்ட் வீதியின் அதே 363 ஆம் இலக்கக் கட்டடத்தில் மீண்டும் கடை திறந்தது.